பிசிறு தெரியாத தையல்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

துணி ஓரம் பிரியாமல் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லாத வீட்டில், கால் மிஷினை மட்டும் வைத்துக்கொண்டு துணியின் உள்பக்கத்தை எப்படிச் சுத்தமாக முடிப்பது? சென்ற இதழில் இதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். பதில்களில் "2 நூல்", "4 நூல்" என்று வருவது டெய்லர் கணக்கு. 1 நூல் என்றால் 1 இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். 4 நூல் அரை இஞ்ச். தைக்கிற நூலைச் சொல்லும்போது "தையல் நூல்" என்றே எழுதியிருக்கிறோம்.

மகளுக்கு ஷிஃபான் துணியில் டாப் தைத்தேன். ஆசைப்பட்டு உள்ளே பிரெஞ்சு தையல் போட்டேன். முடித்துத் திருப்பிப் பார்த்தால் வெளிப்பக்கம் தையல் நெடுக மீசை முளைத்த மாதிரிப் பிசிறு நீட்டிக்கொண்டு நிற்கிறது. தையலும் சுருங்கிச் சுருங்கி இருக்கிறது. என்ன தப்பு, அக்கா? இனி சரிசெய்ய முடியுமா?
— வாசகி, பாளையங்கோட்டை

மீசைக்குக் காரணம் வேறு, சுருக்கத்துக்குக் காரணம் வேறு. முதலில் மீசையைப் பார்ப்போம்.

பிரெஞ்சு தையல் என்பது ஒரு தையலை இன்னொரு தையலுக்குள் பொதிந்து வைப்பது. உள்ளே போகிற துணி, அதைப் பொதிகிற உறையைவிட ஒடுக்கமாக இருந்தே ஆக வேண்டும். நீங்கள் முதல் தையலை 2 நூலில் போட்டு, வெட்டிக் குறைக்காமலே திருப்பி, இரண்டாவது தையலையும் 2 நூலில் ஓட்டியிருப்பீர்கள். உள்ளே இருப்பதும் 2 நூல், உறையும் 2 நூல். மிஷின் எங்கே ஒரு மயிரிழை விலகினாலும் ஊசி அந்தப் பிசிறைப் பிடித்துத் தைத்துவிடும். பிடிபட்ட பிசிறுதான் வெளியே மீசையாக நிற்கிறது.

ஷிஃபான், ஜார்ஜெட், ஆர்கன்சா போன்ற துணிகளுக்கு எங்கள் அளவு இது. தையலுக்கு 4 நூல் விட்டு வெட்டுங்கள். கெட்ட பக்கத்தோடு கெட்ட பக்கம் சேர்த்து, அதாவது நல்ல பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து இரண்டரை நூலில் முதல் தையல். பழகாத கைக்கு இது தப்பான பக்கத்தில் தைப்பது போலத்தான் தோன்றும். பயப்படாமல் தையுங்கள். தைத்ததை விரிக்காமல் அப்படியே ஒரு தடவை தேய்த்தால் தையல் துணிக்குள் அமர்ந்துகொள்ளும். பிறகு தையலுக்கு வெளியே 1 நூல் மட்டும் நிற்கும்படி ஓரத்தை வெட்டுங்கள். இப்போது திருப்பி, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து மடித்து, மடிப்பிலிருந்து ஒன்றரை நூலில் இரண்டாவது தையல். இரண்டரையும் ஒன்றரையும் சேர்ந்து 4 நூல். வெட்டும்போது விட்ட கணக்கு அதோடு சரியாகத் தீர்ந்துவிடும்.

இந்த வேலையின் உயிர் திருப்பி மடிக்கும் இடத்தில்தான் இருக்கிறது. முதல் தையல் மடிப்பின் உச்சியில் வந்து உட்கார வேண்டும். விரல் நுனியை லேசாக ஈரமாக்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மடிப்பை முன்னும் பின்னும் உருட்டுங்கள். தையல் கோடு மெல்ல ஏறி விளிம்புக்கு வருவது விரலுக்கே தெரியும். வந்ததும் அந்த ஒரு சாண் நீளத்தை மட்டும் தேய்த்துவிட்டு அடுத்த சாணுக்குப் போங்கள். ஷிஃபானுக்குக் குறைந்த சூடு போதும். உருட்டாமல் அப்படியே மடித்துத் தேய்த்தால் தையல் கோடு உள்ளே தங்கி, துணி அதற்கு மேல் ஒரு சின்ன மடிப்பாக நிற்கும். அதன்பின் அளவு எங்குமே ஒத்துவராது.

இன்னொன்று: ஓரத்தை 1 நூலுக்கு வெட்டுவதை, இரண்டாவது தையல் போடும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். இன்று எல்லாத் தையலையும் வெட்டி வைத்துவிட்டு நாளைக்கு உட்கார்ந்தால், விடிவதற்குள் பாதி பிரிந்து வந்திருக்கும்.

இனி சுருக்கம். முதலில் ஊசியைப் பாருங்கள். பருத்திக்குப் போடுகிற 14 அல்லது 16 எண் ஊசி ஷிஃபானில் ஓட்டை போடும், இழையை இழுக்கும். 9 அல்லது 11 போடுங்கள், அதுவும் புது ஊசியாக. தையல் இஞ்சுக்கு 12 வரட்டும். மேல் டென்ஷனை, அதாவது மேல் தையல் நூலின் இறுக்கத்தை, கொஞ்சம் தளர்த்தி, அதே துணியின் துண்டில் இரண்டு மடிப்பாகத் தைத்துப் பார்த்த பிறகே உடையில் கை வையுங்கள். தைக்கும்போது ஊசிக்கு முன்னால் ஒரு கையும் பின்னால் ஒரு கையுமாகத் துணியை விறைப்பாகப் பிடியுங்கள். பிடித்தால் போதும், இழுக்க வேண்டாம். தொடக்கத்தில் மிஷின் துணியைக் கீழே விழுங்குகிறதென்றால் மெல்லிய வெள்ளைக் காகிதத்தை அடியில் வைத்துச் சேர்த்துத் தைத்து, முடிந்ததும் கிழித்துவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

தைத்து முடித்த டாப்பைக் காப்பாற்ற வழி இருக்கிறது. இரண்டாவது தையலுக்கு அரை நூல் உள்ளே, டாப்பின் உடம்புப் பக்கமாகத் தள்ளி, மூன்றாவதாக ஒரு தையல் ஓட்டுங்கள். பிறகு பழைய இரண்டாவது தையலைப் பிரித்துவிடுங்கள். பிசிறு தானாக உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் சேர்த்து டாப்பின் சுற்றளவில் கால் இஞ்ச் குறையும். 1 நூல் தள்ளினால் அரை இஞ்ச் குறையும். மகளுக்குப் போட்டுப் பார்த்து, இடம் இருந்தால் செய்யுங்கள்.

சைடு ஓபன் வைத்த டாப்பில் பிரெஞ்சு தையல் ஓபன் தொடங்கும் இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. அந்த மூலையை என்ன செய்வது?
— வாசகி, வள்ளியூர்

அந்த மூலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓபன் வைத்த டாப்புக்கு வேறு தையல்தான் சரி. பக்கவாட்டில் 1 இஞ்ச் விட்டு வெட்டுங்கள். நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்துச் சாதாரணத் தையலாக ஓபன் குறி வரை போட்டு, முடிவில் மூன்று தடவை முன்பின் ஓட்டி இறுக்குங்கள். தையலை இரு பக்கமும் விரித்துத் தேய்த்து, இரண்டு ஓரத்தையும் தனித்தனியே 2 நூல் உள்ளே மடித்து, மடிப்பின் விளிம்பில் தையுங்கள். இந்தத் தையல் விடுப்புத் துணியில், அதாவது தையலுக்கு வெளியே விட்ட ஓரத்தில் மட்டும் விழ வேண்டும், உடையின் உடம்பில் விழக் கூடாது. கைக்குழியில் தொடங்கிய அதே மடிப்பு நிற்காமல் கீழே ஓபன் ஓரமாகவே ஓடிவிடும். குறிக்குக் கீழே மட்டும் அந்த விடுப்பை உடையோடு சேர்த்துத் தைத்தால் ஓபனும் முடிந்தது, மூலையும் கிடையாது. பின்னால் உடம்பு பெருத்தால் பிரித்துவிடத் துணியும் உள்ளே இருக்கும்.

சாரம் (கைலி) மூட்டும்போது இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒரு தையல் போட்டுக் கொடுக்கிறார்கள். நாலு தடவை துவைத்தால் உள்ளே நூல் நூலாகப் பிரிந்து காலில் சுற்றுகிறது. வீட்டிலேயே பிரியாதபடி மூட்ட ஒரு வழி சொல்லுங்கள்.
— வாசகர், கடையநல்லூர்

கைலித் தறி ஓடிய ஊரிலிருந்து வந்த கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். சாரத்துக்கு ஏற்றது ஃபெல் தையல். முழுக்கைச் சட்டையின் கையிலும் ஜீன்ஸ் பேன்ட்டின் காலிலும் இரட்டைக் கோடாகத் தெரிகிறதே, அந்தத் தையல்தான். பிரெஞ்சு தையல் உள்ளே ஒரு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், நடக்கும்போது தொடையில் உரசும். ஃபெல் தையல் துணியோடு துணியாகப் படுத்துவிடும்.

முதலில் புதுச் சாரத்தை ஓர் இரவு தனியாக நனையப் போட்டு, கஞ்சியும் கூடுதல் சாயமும் போன பிறகு காய வைத்துத் தேயுங்கள். கஞ்சி விறைப்போடு மூட்டினால் பின்னால் துணி சுருங்கும், தையல் சுருங்காது, ஓரம் நெளியும். இரண்டு தலைப்பையும் ஒரே இழையைப் பிடித்து நேராக வெட்டிக்கொள்ளுங்கள். கோணல் தலைப்பைக் கட்டத்துக்குக் கட்டம் பொருத்தவே முடியாது.

நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கும்படி இரண்டு தலைப்பையும் சேருங்கள். ஆனால் ஓரத்தோடு ஓரம் வைக்க வேண்டாம். கீழே இருக்கும் தலைப்பு 3 நூல் வெளியே நீட்டி இருக்கட்டும். மேல் தலைப்பின் ஓரத்திலிருந்து 2 நூலில் முதல் தையல். இப்போது ஒரு பக்கம் 2 நூலும் மறு பக்கம் 5 நூலும் நிற்கும். ஒரு பக்கத்தைக் கத்தரியால் ஒட்ட வெட்டுகிற வேலை இதில் மிச்சம், துணியும் வீணாகாது. 5 நூல் ஓரத்தின் நுனியை 2 நூல் உள்ளே மடித்தால் 3 நூல் அகலப் பட்டை கிடைக்கும். அதை 2 நூல் ஓரத்தின் மேல் கவிழ்த்து மூடி, சாரத்தை விரித்துப் படுக்க வைத்து, மடிப்பு விளிம்பை ஒட்டி இரண்டாவது தையல் போடுங்கள். மொத்தத்தில் துணி செலவு 7 நூல்தான், 1 இஞ்ச் கூட ஆகாது. ஊசி 14, தையல் இஞ்சுக்கு 10.

மூட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் கட்டம் சேர வேண்டும். முதல் தையலுக்கு முன்பே, குறுக்குக் கோடுகளில் நாலு கோட்டுக்கு ஒரு குண்டூசி குத்துங்கள். மேல் கோட்டில் குத்திய ஊசி கீழ்க் கோட்டிலேயே வெளியேறுகிறதா என்று புரட்டிப் பாருங்கள். மிஷின் பல் கீழ்த் துணியை இழுக்கும், மேல் துணியை அந்த அளவு இழுக்காது. 48 இஞ்ச் உயரச் சாரத்தில் முடிவுக்கு வரும்போது அரைக் கட்டம் தப்புவது இதனால்தான்.

இன்னொரு கோளாறு, பட்டை கயிறு மாதிரி முறுக்கிக்கொள்வது. முதல் தையலை மேலிருந்து கீழும் இரண்டாவதைக் கீழிருந்து மேலும் ஓட்டினால் இப்படி ஆகும். இரண்டையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவதற்கு முன் பட்டையைத் தேய்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பிறந்த குழந்தைக்கு ஆச்சியின் பழைய மல் துணியில் சட்டையும் கையுறையும் தைக்கப் போகிறேன். குழந்தை மேல் பிசிறு உறுத்தாமல் இருக்கப் பிரெஞ்சு தையல்தானே நல்லது?
— வாசகி, அம்பாசமுத்திரம்

நல்ல தையல்தான், ஆனால் பக்கத்தை மாற்றிப் போடுங்கள். வழக்கமாகப் போட்டால் அந்த வரப்பு உள்பக்கம் நிற்கும். பச்சிளம் குழந்தை எந்நேரமும் மல்லாந்து படுத்திருப்பதால் தோளிலும் கக்கத்திலும் அது அழுந்திச் சிவப்புக் கோடு விழும். அதனால் முதல் தையலை நல்ல பக்கங்கள் சேர வைத்தும் இரண்டாவதைக் கெட்ட பக்கங்கள் சேர வைத்தும் போடுங்கள். வரப்பு வெளியே வந்துவிடும், உள்பக்கம் வழவழவென்று இருக்கும். பார்க்க இது ஒரு பைப்பிங் மாதிரி அழகாகவே இருக்கும்.

கையுறையில் இன்னும் கவனம் வேண்டும். கையுறை, காலுறைக்குள் தொங்கும் ஒரு தையல் நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். குழந்தை கையை ஆட்ட ஆட்ட முடிச்சு இறுகும், ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். இது மருத்துவர்கள் எச்சரிக்கிற ஆபத்து. எனவே கையுறையின் தையல் ஓரம் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். தையல் நூலின் நுனிகளை முடிந்து ஒட்ட வெட்டுங்கள். ஒவ்வொரு தடவை துவைத்த பிறகும் உள்ளே புரட்டிப் பாருங்கள். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால், உறையைக் கழற்றி விரல்களைப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

பழைய மல் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நைந்த இடங்களைத் தவிர்த்து வெட்டுங்கள். தையல் இஞ்சுக்கு 10க்கு மேல் வேண்டாம். நைந்த துணியில் நெருக்கமாகத் தைத்தால் ஊசி ஓட்டைகள் ஒரு கோடாகச் சேர்ந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். பித்தான் வேண்டாம், நாடா வையுங்கள். நாடா அரைச் சாணுக்கு மேல் நீள வேண்டாம்.

வீரவநல்லூர் செடிபுட்டா சேலையோடு வந்த ப்ளவுஸ் பிட். வெட்டினாலே ஓரம் பிரிகிறது. லைனிங் கொடுத்துத் தைக்கிறேன். பக்கவாட்டில் பிரெஞ்சு தையல் போட்டால் பிரியாமல் இருக்குமா?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பிரியாமல் இருக்கும். ஆனால் போடாதீர்கள். ப்ளவுஸ் ஒன்றுதான் வீட்டில் அடிக்கடி பிரித்துப் பெரிதாக்கப்படுகிற துணி. பக்கவாட்டில் 1¼ இஞ்ச் உள்ளே விடுவது அதற்காகத்தான். பிரெஞ்சு தையலில் அந்த விடுப்பு வெட்டுப்பட்டுப் போய்விடும். கல்யாணத்துக்குத் தைத்த ப்ளவுஸை வளைகாப்புக்குப் போட முடியாமல் போனால், உள்பக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்?

லைனிங் இருப்பதால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. பக்கத் தையல் போடுவதற்கு முன்பே ஓரத்தை மூடிவிடலாம். வெட்டும்போது பக்கவாட்டில் வழக்கமான விடுப்புக்கு மேல் 2 நூல் கூடுதலாக விடுங்கள். மேல் துணியை வெட்டியதும், வேறு எந்த வேலைக்கும் போகாமல், ஓரத்திலிருந்து 1 நூலில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். அது பிரிவதைத் தடுத்து நிறுத்தும். அடுத்து முன் பாகத்தை எடுத்து, மேல் துணியின் நல்ல பக்கமும் லைனிங்கின் நல்ல பக்கமும் சேரும்படி வைத்து, பக்கவாட்டு ஓரத்தை மட்டும் 2 நூலில் தைத்துத் திருப்புங்கள். தையலை விளிம்புக்கு உருட்டிக் கொண்டுவந்து தேய்த்தால், பிசிறு முழுக்க இரண்டு துணிக்கும் நடுவே போய்விடும். பின் பாகத்துக்கும் இதே போல. இப்போது நாலு பக்கவாட்டு ஓரமும் மூடிய ஓரங்கள். இனி வழக்கம் போல 1¼ இஞ்ச் விட்டுப் பக்கத் தையல் போடுங்கள். பிரித்து விடும்போதும் ஓரம் பிரியாது.

இதில் கெடுவது ஒரே இடத்தில்தான். காட்டன் லைனிங்கை நனைக்காமல் போட்டால், முதல் சலவையில் அது சுருங்கி மேல் துணியைப் பை மாதிரி தூக்கிவிடும். ஓர் இரவு நனைத்து, காய வைத்துத் தேய்த்த பிறகே வெட்டுங்கள். மேல் துணியை நனைக்க வேண்டாம்.

கைக்குழிக்குக் கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய துணிப் பட்டை, வைத்து மூடுங்கள். 2 நூல் அகலத்தில் முடிய வேண்டுமென்றால் பட்டை அதைப் போல நாலு மடங்கு, அதாவது 1 இஞ்ச். துணியின் தடிமன் சுற்றி வருவதற்கு 1 நூல் கூட்டி வெட்டுங்கள். பட்டை சரியாக மூலைக்கு மூலை, 45 பாகை சாய்வில் இருக்க வேண்டும். சாய்வு குறைந்தால் பட்டை வளைவில் படியாமல் முறுக்கி நிற்கும். 18 இஞ்ச் சதுரத் துணி ஒன்றில் இந்த அகலத்தில் 6 மீட்டருக்குக் குறையாமல் பட்டை கிடைக்கும், நாலைந்து ப்ளவுஸுக்குத் தாராளம்.

கைக்குழியில் பிரெஞ்சு தையல் போட்டால் கக்கத்தில் இழுக்கிறது. வளைவில் அது வராதா?
— வாசகி, நாங்குநேரி

வரும், ஆனால் சிரமப்பட்டு வரும். மடிப்பு விளிம்பின் நீளமும் தையல் கோட்டின் நீளமும் வளைவில் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசம்தான் கக்கத்தில் இழுவையாகத் தெரிகிறது. இரண்டாவது தையல் ஒன்றரை நூலைத் தாண்டாமல் இருந்தால் இழுவை குறையும். சுருக்கு வைத்த கைக்கு இதை முயலவே வேண்டாம்.

அதைவிட எளிது, ஒப்புக்குப் பிரெஞ்சு. நல்ல பக்கங்கள் சேர 4 நூலில் சாதாரணமாகத் தைத்துவிடுங்கள். நிற்கும் இரண்டு ஓரத்தையும் ஒன்றை ஒன்று பார்க்க உள்நோக்கி மடித்து, இரண்டு மடிப்பும் விளிம்போடு விளிம்பு சேரும்படி வைத்து ஒரு தையல். பொருத்தம் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்த பிறகு ஓரத்தை மூடலாம் என்பது இதில் பெரிய வசதி. சட்டையாக இருந்தால் தோளைத் தைத்ததும், பக்கத்தை மூடாமல் கையைத் தட்டையாக வைத்து ஃபெல் தையலில் பொருத்துங்கள். அதன்பின் கை நுனியிலிருந்து சட்டைக் கீழோரம் வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். கையைக் குழாயாக்கிய பிறகு உள்ளே இரண்டாவது தையலை ஓட்டுவது மிதி மிஷினில் பெரும்பாடு.

இலவம் பஞ்சுத் தலையணை. உள் உறை எவ்வளவு தைத்தாலும் ஓரத்தில் பஞ்சு கசிகிறது.
— வாசகி, முக்கூடல்

தையல் ஓட்டை வழியாகத்தான் கசிகிறது. பிரெஞ்சு தையல் போட்டால் பஞ்சு ஒரு தையலைத் தாண்டி, இன்னொன்றையும் தாண்டித்தான் வெளியே வர முடியும். நெருக்கமாக நெய்த மெத்தைத் துணி எடுங்கள். 16க்கு 24 இஞ்ச் தலையணைக்கு 17க்கு 25 இஞ்சில் இரண்டு துண்டு. முதல் தையல் 2 நூல், 1 நூலுக்கு வெட்டு, இரண்டாவது 2 நூல். மூலைகளில் முதல் தையலுக்குப் பிறகு முனையைக் குறுக்கே வெட்டிவிட்டால்தான் திருப்பும்போது கொண்டை நிற்காது. ஊசி 14க்கு மேல் வேண்டாம், தையல் இஞ்சுக்கு 12.

ஒரு குறுகிய பக்கத்தின் நடுவில் 6 இஞ்ச் திறப்பு விடுங்கள். அந்த 6 இஞ்சில் மட்டும் ஓரத்தை வெட்டிக் குறைக்க வேண்டாம். பஞ்சை அடைத்த பின் இரண்டு ஓரத்தையும் 4 நூல் உள்ளே மடித்து, விளிம்பில் ஒன்றும் 1 நூல் தள்ளி ஒன்றுமாக இரண்டு தையலில் மூடுங்கள். பஞ்சைத் தையலிலிருந்து தள்ளிக் குண்டூசி வரிசை போட்டுக்கொண்டால் மிஷினுக்குள் பஞ்சு ஏறாது.

பத்தமடைப் பாயில் கைப்பை தைக்கிறோம். ஓரத்தை மடித்துத் தைத்தால் கோரை ஒடிகிறது. மடிக்காமல் விட்டால் பிரிகிறது.
— மகளிர் குழுவினர், சேரன்மகாதேவி

கோரையை மடிக்கக் கூடாது. மடித்துப் பொதிகிற தையல் எதுவும் பாய்க்கு ஆகாது, துணிப் பட்டையால் மூடுவதே வழி. வெட்டுவதற்கு முன்னாலேயே வேலை தொடங்க வேண்டும். வெட்டப் போகும் கோட்டுக்கு உள்பக்கம் 1 நூலில் ஒன்று, 2 நூலில் ஒன்றாக இரண்டு தையல் போட்டுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் தைத்தால் பாவு நூல் நழுவி, ஓரத்துக் கோரை கையோடு வந்துவிடும்.

நேர் ஓரங்களுக்குக் கிராஸ் பீஸ் தேவையில்லை. நேராக வெட்டிய பருத்திப் பட்டை போதும், அது தொய்யாது. வளைந்த மூலை வைத்த பைக்கு மட்டும் கிராஸ். பட்டை அகலக் கணக்கு: ஒரு பக்கம் 3 நூல், பாயின் தடிமனுக்கு 1 நூல், மறு பக்கம் 3 நூல், இரு ஓரமும் உள்ளே மடிய மூன்று மூன்று நூல். ஆக 13 நூல், 1¾ இஞ்சாக வெட்டினால் தாராளம். ஊசி 16. தையல் இஞ்சுக்கு 7, 8க்கு மேல் போகக் கூடாது. நெருக்கித் தைத்தால் ஊசி ஓட்டைகள் கோரையை வரிசையாக அறுத்துவிடும், தபால்தலைத் தாளில் ஓரம் கிழிப்பது போல. முன்பின் ஓட்டி இறுக்குவதும் வேண்டாம். தையல் நூலை நீளமாக விட்டு, பின்பக்கம் இழுத்துக் கையால் முடியுங்கள்.

கையால் பின்னிய லேஸைப் பருத்தித் தலையணை உறையில் சேர்க்கும்போது துணியின் பிசிறு லேஸ் ஓட்டை வழியே தெரிகிறது.
— வாசகி, திசையன்விளை

கால்டுவெல்லின் துணைவியார் எலிசா, இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வட்டாரத்து வேலைப்பாடு சேரும் இடத்திலும் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். லேஸையும் துணியையும் தனித்தனியே நனைத்துக் காய வையுங்கள். துணியின் நல்ல பக்கத்தில், ஓரத்திலிருந்து 3 நூல் உள்ளே, லேஸின் கெட்டிக் கரையை வைத்து அந்தக் கரையின் மேலேயே தையுங்கள். பின்பக்கம் நிற்கும் 3 நூல் துணியை லேஸ் இல்லாத பக்கமாகத் திருப்பி, நுனியைப் பாதி உள்ளே மடித்து, கையால் எம்மிங் (மடிப்பை ஊசியால் தைத்து முடிப்பது) செய்யுங்கள். லேஸுக்குப் பின்னால் துணியே இருக்காது. மிஷினில் முடிப்பதைவிடக் கையில் முடிப்பதுதான் இங்கே தட்டையாக அமரும்.

ஆனி ஆடிச் சாரலில் துணி காய்வதே பெரும்பாடு. பிரெஞ்சு தையல் போட்ட பாவாடையில் தையல் மட்டும் ஈரமாகவே இருந்து வாடை அடிக்கிறது, கரும்புள்ளியும் விழுகிறது.
— வாசகி, தென்காசி

தடித்த பாப்ளினில் போட்டிருப்பீர்கள். பிரெஞ்சு தையல் ஒரு பக்கம் சாயும் இடத்தில் துணி ஐந்து அடுக்கு. ஃபெல் தையலில் நாலு. விரித்து மடித்துத் தைத்தால், அதாவது வள்ளியூர் வாசகிக்குச் சொன்ன முறையில், மூன்று. மெல்லிய துணியில் ஐந்து அடுக்கும் காய்ந்துவிடும், பாப்ளினில் காயாது. அடுத்த பாவாடையை மூன்று அடுக்கில் தையுங்கள். இப்போது இருப்பதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையல்கள் காற்றைப் பார்க்கக் கொடியில் போடுங்கள். எடுத்த பிறகு தையலை மட்டும் இரண்டு பக்கமும் தேயுங்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஆவி எழுவது நிற்கும் வரை தேய்த்துவிட்டு, ஆறிய பிறகே பீரோவில் வையுங்கள்.